பிரேக் முதலில், கியர் பிறகு: பிரிட்டிஷ் போலீஸ் பைக் பயிற்சியின் பழைய வரிசை இன்னும் தேவையா?

வாசகர் கேள்வி | ஜூன் 4, காலை 9.10

பிரிட்டிஷ் போலீஸ் பைக் பயிற்சியில் பிரேக்கை முழுசா விட்ட பிறகுதான் கியர் குறைக்கணும்னு ஒரு விதி இருக்காம். என் வண்டியில ஸ்லிப்பர் கிளட்ச் (கியர் இறக்கும்போது பின் சக்கரத் துள்ளலைக் குறைக்கிறது) இருக்கு, டூயல் சேனல் ஏபிஎஸ் (பிரேக்கில ரெண்டு சக்கரமும் பூட்டிக்காம தடுக்கிறது) இருக்கு. பிரேக் பிடிச்சுக்கிட்டே கியரை ஒவ்வொண்ணா இறக்கி வளைவுக்குள்ள போறேன், ஒரு தொந்தரவும் இல்ல. இது 1930கள்ல கார் கியர்பாக்ஸுக்காக எழுதின முறை. இன்னைக்கு பைக்குக்கு எதுக்கு?

ஜூன் 4, மதியம் 1.40

கார்களுக்காகப் பிறந்த முறை என்பது சரி. லண்டன் பெருநகரப் போலீஸ் ஹெண்டனில் ஓட்டுநர் பள்ளி தொடங்கியது 1930களில். பந்தய ஓட்டுநராக இருந்த கோட்டன்ஹாம் பிரபு அங்கே ஆலோசகராக வந்து, ஓட்டுதலை ஒரு வரிசைக்குள் கொண்டுவந்தார். அது பைக்குக்குப் பொருந்தாது என்று நீங்கள் எடுத்த முடிவுதான் தவறு. காரைவிட பைக்குக்கே அது அதிகம் பொருந்தும்.

உங்கள் வலது கையைக் கவனியுங்கள். முன் பிரேக்கும் அதே கையில், ஆக்சிலேட்டரும் அதே கையில். பிரேக் பிடித்தபடி கியரை இறக்கினால், கிளட்சை விடுவதற்கு முன் என்ஜின் சுழற்சியை உயர்த்த வேண்டும். அதற்கு இரண்டு விரல் பிரேக் லீவரில் இருக்க, மீதிக் கை ஆக்சிலேட்டரைத் திருக வேண்டும். மணிக்கட்டு திரும்பும்போது அந்த இரண்டு விரலின் அழுத்தமும் கூடிக் குறையும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் எழும்பி மறுபடி அமுங்கும், முன் டயரின் மேல் இருக்கும் பாரமும் கூடவே ஆடும். காய்ந்த சாலையில் இது தெரியாது. மழை நாளில் சாலையில் போட்ட வெள்ளைக் கோட்டின் மேல் தெரியும்.

என்ஜின் சுழற்சியை உயர்த்தாமல் கிளட்சை விட்டால் பின் சக்கரம் துள்ளும். பிரேக் பிடிக்கும்போது பாரம் எல்லாம் முன்னே போய்விட்டது. பின் டயர் பாதி காற்றில் இருக்கும் நேரத்தில் அதன் தலையில் என்ஜினின் இழுவையையும் போடுகிறீர்கள்.

ஜூன் 4, இரவு 8.15

ஏபிஎஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நிறைய பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஏபிஎஸ்ஸுக்குத் தெரிந்த ஒரே வேலை பிரேக் அழுத்தத்தைத் தளர்த்துவது. பின் சக்கரத்தை இழுத்துப் பிடிப்பது என்ஜினாக இருந்தால் தளர்த்துவதற்கு அங்கே பிரேக் அழுத்தமே இல்லை. ஆகவே தவறான கியரில் கிளட்சை விட்டுப் பின் சக்கரம் சறுக்கினால், டூயல் சேனல் ஏபிஎஸ் வேடிக்கை பார்க்கும்.

இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது 2018 ஏப்ரலில் புதிய மாடல்களுக்கு, 2019 ஏப்ரலில் எல்லாவற்றுக்கும். அதில் பல வண்டிகள் சிங்கிள் சேனல், அதாவது முன் சக்கரத்துக்கு மட்டும். அந்த வண்டிகளில் பின் சக்கரத்துக்குப் பாதுகாப்பு உங்கள் காலும் கியர் தேர்வும்தான்.

ஜூன் 5, காலை 7.30

வரிசையை முழுதாகச் சொல்லாமலே வாதாடிக்கொண்டிருக்கிறேன். இதோ.

தகவல், நிலை, வேகம், கியர், முடுக்கம். தகவல் என்பது முதல் படி மட்டும் இல்லை, மற்ற நான்கின் மேலும் பந்தல் மாதிரி விரிந்திருப்பது. கண்ணாடி, முன்பார்வை, தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது, சிக்னல் எல்லாம் அதற்குள். அடுத்து, சாலையில் எந்த இடத்தில் போவது என்று நிலையைத் தீர்மானிப்பது. பிறகு அந்த ஆபத்தைக் கடக்க வேண்டிய வேகத்துக்கு வருவது. வந்த வேகத்துக்கு ஏற்ற கியரை ஒரே தடவையில் போடுவது. கடைசியில் ஆக்சிலேட்டரை மெல்லத் திறந்து கடப்பது.

பழைய வடிவத்தில் ஹாரன் தனி ஒரு படியாகவே இருந்தது. 1990களில் போலீஸ் கையேடான ரோட்கிராஃப்ட் திருத்தப்பட்டபோது அது தகவலுக்குள் போய்விட்டது. ஹாரன் அடிப்பதா என்று ஒவ்வொரு ஆபத்திலும் யோசிக்கச் சொன்னார்கள், அடிக்கச் சொல்லவில்லை. பிரிட்டனில் குடியிருப்புப் பகுதிகளில் இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை ஓடும் வண்டியில் ஹாரன் அடிப்பதே சட்டப்படி குற்றம்.

ஆபத்து என்று அவர்கள் சொல்வது மூன்று வகை: வளைவு, சந்திப்பு, மேடு மாதிரி சாலையின் அமைப்பு, மற்றவர்களின் இருப்பும் நகர்வும், சாலைப் பரப்பும் வானிலையும்.

ஜூன் 5, காலை 7.55

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 60 கி.மீ. வேகத்திலிருந்து 30க்கு வரவேண்டும். நிதானமான பிரேக், விநாடிக்கு விநாடி 4 மீட்டர் வேகம் குறைகிற அளவு. அதற்கு ஏறத்தாழ 26 மீட்டர், இரண்டு விநாடி. கியர் இறக்கக் கூடுதலாக ஒரு விநாடி, 30 கி.மீ. வேகத்தில் அது 8 மீட்டர். பிரேக்கையும் கியரையும் பிரிப்பதால் நீங்கள் கொடுக்கும் விலை அந்த 8 மீட்டர்தான். இரண்டு கார் நீளம். அவ்வளவு முன்னால் பிரேக்கைத் தொட வேண்டும்.

அந்த 8 மீட்டர் கிடைக்கவில்லை என்றால் வளைவைத் தாமதமாகப் பார்த்திருக்கிறீர்கள். இந்த வரிசையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான். பிரேக்கும் கியரும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், கண் எங்கோ பிந்திவிட்டது என்று வண்டியே சொல்லிவிடும். வேறு எந்தக் கருவியும் ஓட்டுகிறவருக்கு இதைச் சொல்லாது.

பின்னால் வரும் பயிற்சியாளர் பார்ப்பதும் உங்கள் பிரேக் விளக்கைத்தான். விளக்கு எங்கே எரிந்தது, ஒரே சீராக எரிந்ததா, அணைந்து அணைந்து எரிந்ததா, வளைவு தொடங்குமுன் அணைந்ததா, வண்டி சாய்ந்த பிறகும் எரிந்துகொண்டிருந்ததா. முன்னே போகிறவரின் முகம் தெரியாவிட்டாலும் அவர் எப்போது என்ன பார்த்தார் என்று அந்தச் சிவப்பு விளக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

ஜூன் 5, மாலை 6.20

திருத்தம். காலையில் "ஒரே தடவையில் கியர்" என்று எழுதியதைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார்: ஐந்தாவதிலிருந்து இரண்டாவதுக்கு பைக்கில் தாவ முடியுமா? காரைப் போல நேராகத் தாவ முடியாது. கிளட்சைப் பிடித்தபடி லீவரை மூன்று தடவை மிதித்து, பிறகு கிளட்சை ஒரே தடவை விட வேண்டும். வண்டி உருளும்போது மட்டும் இது சுலபம். பைக் கியர்பாக்ஸில் பற்சக்கரங்கள் எப்போதும் கோத்தே இருக்கும், பக்கவாட்டில் உள்ள டாக் எனப்படும் முட்டுகள் துளைக்குள் போய் மாட்டுவதுதான் கியர் விழுவது. தண்டுகள் சுழலும்போது முட்டு துளையைத் தேடிப் போய் விழும். நின்றுவிட்டால் முட்டின் மேல் முட்டு உட்கார்ந்துகொள்ளும், எவ்வளவு மிதித்தாலும் இறங்காது. சிக்னலில் நான்காவது கியரில் நின்றுவிட்டு லீவரை உதைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். உதைக்கக் கூடாது. கிளட்சை ஒரு நூல் விட்டு மறுபடி பிடியுங்கள், அல்லது வண்டியை முன்னும் பின்னும் அரை அடி தள்ளுங்கள், விழுந்துவிடும்.

ஆகவே முழுதாக நிற்கப்போகும் இடத்தில், நிற்பதற்குச் சற்று முன் பிரேக் பிடித்தபடியே கிளட்சைப் பிடித்து முதல் கியருக்கு வருவது தவறு இல்லை. அங்கே கிளட்சை விடப்போவதில்லை, ஆகவே பின் சக்கரம் துள்ளவும் வழியில்லை.

ஜூன் 6, காலை 10.05

கிளட்சை விடும்போது எவ்வளவு சுழற்சி வேண்டும்? எடுத்துக்காட்டாக நான்காவது கியரின் விகிதம் 1.2, இரண்டாவதின் விகிதம் 1.9 என்று வைத்துக்கொள்வோம். நான்காவதில் 2,500 சுழற்சியில் வந்தவர் அதே வேகத்தில் இரண்டாவதுக்குப் போனால் என்ஜின் ஏறத்தாழ 4,000க்குப் போக வேண்டும். பிரேக்கை விட்டுவிட்டதால் வலது கை இப்போது காலி. ஆக்சிலேட்டரை ஒரு சின்னத் திருகு, கிளட்ச் வெளியே, வண்டி அசையவே கூடாது. பின்னால் உட்கார்ந்திருப்பவரின் ஹெல்மெட் உங்கள் ஹெல்மெட்டில் முட்டினால் திருகு போதவில்லை. வண்டி முன்னே எக்கினால் அதிகமாகிவிட்டது.

ஜூன் 6, இரவு 9.40

ஸ்லிப்பர் கிளட்ச் பற்றிக் கேட்டவருக்கு நியாயமாகப் பதில் சொல்ல வேண்டும். பின் சக்கரத்திலிருந்து திரும்பி வரும் விசை ஓர் அளவைத் தாண்டினால் உள்ளே இருக்கும் சாய்தளங்கள் தட்டுகளைப் பிரித்துவிடும், துள்ளல் குறையும். உண்மையான பலன் அது. குவிக்‌ஷிஃப்டரில் (கிளட்சைப் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் கருவி) கீழ்க் கியருக்கும் தானே சுழற்சியை உயர்த்தும் வகை இருந்தால், நான் முதல் குறிப்பில் சொன்ன மணிக்கட்டுப் பிரச்சினையும் போய்விடும். விலை கூடிய சில வண்டிகள் பின் சக்கரம் இழுபடும்போது ஆக்சிலேட்டரைத் தாமே கொஞ்சம் திறந்து என்ஜின் இழுவையைக் குறைக்கின்றன. ஆக, "ஏபிஎஸ் வேடிக்கை பார்க்கும்" என்று நான் எழுதியது சாதாரண வண்டிகளுக்கு மட்டும். அந்த மாதிரி வண்டியில் இயந்திரக் காரணம் பலவீனம், ஒத்துக்கொள்கிறேன்.

பார்வைக் காரணம் மட்டும் அப்படியே நிற்கிறது.

ஜூன் 8, காலை 6.50

அதனால் பார்வையைப் பற்றிப் பேசுவோம். வளைவில் என்ன வேகம் என்று கேட்டால் போலீஸ் பயிற்சி எண் சொல்லாது. சொல்வது இது: சாலையில் நீ போகும் பாதியில், காலி என்று கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம். ஒற்றை வண்டி மட்டுமே போகும் குறுகிய சாலையில் அந்தத் தூரத்தில் பாதிக்குள் நிற்க வேண்டும், எதிரே வருகிறவருக்கும் நிற்க இடம் வேண்டுமே.

தெரிகிற தூரத்தை அளக்க அவர்கள் பயன்படுத்துவது எல்லைப் புள்ளி. வளைவில் சாலையின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒன்று சேர்வது போலத் தோன்றும் இடம். மரத்தையோ கம்பத்தையோ பார்க்காதீர்கள், தார் கண்ணுக்குத் தெரிகிற கடைசி இடத்தைப் பாருங்கள். நீங்கள் நெருங்க நெருங்க அந்தப் புள்ளி உங்களை நோக்கி வந்தால் வேகம் அதிகம், குறையுங்கள். உங்கள் வேகத்திலேயே விலகிக்கொண்டே போனால் வேகம் சரி. ஓட்டம் பிடித்தால் வளைவு விரிகிறது, அப்போது ஆக்சிலேட்டர்.

எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதற்கு பிரிட்டிஷ் சாலை விதிநூலின் அளவுகள்: 48 கி.மீ. வேகத்தில் 23 மீட்டர், 64இல் 36, 80இல் 53, 96இல் 73. 48 கி.மீ.யில் அந்த 23 மீட்டரில் 9 மீட்டர் பிரேக்கைத் தொடுமுன்பே போய்விடுகிறது. இவை காய்ந்த சாலைக்கு. ஈரத்தில் குறைந்தது இரண்டு மடங்கு.

ஜூன் 8, மதியம் 12.30

சாலையில் எந்த இடம் என்பதில் நமக்கு ஒரு வசதி. பிரிட்டனிலும் இடப்பக்கப் போக்குவரத்து, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அதே. கையேட்டின் படங்களைக் கண்ணாடியில் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. வலது வளைவுக்கு இடது ஓரம் பக்கமாக, இடது வளைவுக்கு நடுக்கோடு பக்கமாக. அப்போது எல்லைப் புள்ளி தூரமாகத் தெரியும்.

ஆனால் பாதுகாப்புக்காக நிலையை விட்டுக்கொடு, நிலைக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்காதே என்பதும் அதே பயிற்சிதான். இடது ஓரத்தில் மணல், சரளை, கொட்டிய டீசல் இருந்தால் அந்த நிலை வேண்டாம். இடது வளைவில் நடுக்கோட்டை ஒட்டிப் போனால், சக்கரங்கள் கோட்டுக்குள் இருந்தாலும் உடல் எதிர்வண்டிக்கு மிக அருகில் கடக்கும். வலப்பக்கம் சாயும்போது நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் தலையே கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். மலைப்பாதையில் எதிரே பேருந்து வளைவைக் குறுக்கே வெட்டி வரும். வலது வளைவில் உள்பக்கம் ஒதுங்கவே கூடாது என்பது அதனால்தான்.

ஜூன் 9, காலை 8.00

வால்பாறைப் பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு எல்லைப் புள்ளி உதவுமா என்று கேள்வி. வளைவுக்குள் உதவாது, புள்ளி மூக்குக்கு நேராகவே இருக்கும். அங்கே வளைவுக்கு முன்பே தலையைத் தூக்கி மேலே போகும் சாலைத் துண்டைப் பார்த்துவிட வேண்டும். வண்டி இறங்கி வருகிறதா, எவ்வளவு பெரியது, வளைவை அது எப்போது எட்டும்.

ஏறும்போது இடது கொண்டை ஊசிதான் கடினம். உள்பக்கம் செங்குத்தாக இருக்கும், வட்டமும் சிறியது. இரண்டாவது கியரில் நுழைந்து, சாய்ந்த பிறகு என்ஜின் திணறி, முதல் கியருக்காகக் கிளட்சைப் பிடித்தால் உந்துவிசை அறுந்துவிடும். அந்த வினாடியே வண்டி உள்பக்கமாகச் சாயும், கால் ஊன்றினாலும் சரிவில் தரை கால் எட்டாத ஆழத்தில் இருக்கும். இங்கே விழுகிறவர்களில் பலர் வேகத்தால் விழுவதில்லை. கியர் முடிவு பிந்தியதால் விழுகிறார்கள். நேராக இருக்கும்போதே முதல் கியர், கிளட்ச் முழுதாக வெளியே, அகலமாக நுழைந்து, சீரான ஆக்சிலேட்டரில் திரும்புங்கள்.

ஜூன் 9, மாலை 5.15

முன், பின் பிரேக் அளவு: பழைய போதனையில் காய்ந்த சாலையில் 75க்கு 25, ஈரத்தில் 50க்கு 50. இதைக் கையாலும் காலாலும் அளக்க முடியாது, திசைகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். முக்கியம் லீவரை அழுத்தும் விதம். முதலில் லேசாக, ஃபோர்க் அமுங்கட்டும், முன் டயர் தரையில் அகலமாகப் பதியட்டும், பிறகு கூட்டுங்கள். விடும்போதும் படிப்படியாக. எடுத்த எடுப்பில் லீவரைப் பிடித்து இறுக்கினால் பாரம் முன்னே வருவதற்குள் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

ஜூன் 11, இரவு 10.20

முந்துவதில் இந்த வரிசை எப்படி வரும் என்று கேட்டிருந்தார்கள். பின்தொடரும் இடத்தில் இரண்டு விநாடி இடைவெளி. 60 கி.மீ.யில் அது 33 மீட்டர். முந்த வாய்ப்பு தெரிந்ததும் கண்ணாடி பார்த்து, நெருங்கிய நிலைக்கு வந்து, அங்கேயே முந்துவதற்கான கியரைப் போட்டுவிடுங்கள். பிறகு திரும்பிப் பார்த்து, வேகம் கூட்டாமல் வலப்பக்கம் வெளியே வாருங்கள். வெளியே வந்ததும் முன்னால் இருந்த லாரி மறைத்ததெல்லாம் தெரியும். இன்னொரு முறை முடிவெடுக்கும் இடம் அது. காலி என்றால் ஆக்சிலேட்டர், இல்லையென்றால் பழைய இடத்துக்கே திரும்பிவிடலாம். வெளியே வரும்போதே ஆக்சிலேட்டரைத் திருகியவருக்குத் திரும்பி வரும் வழி அடைபட்டுவிடும்.

திரும்பி வந்து சேர இடம் எது என்று முதலிலேயே காட்ட முடியாதவர் கிளம்பவே கூடாது.

ஜூன் 12, காலை 11.00

தேர்வுகள் பற்றிச் சுருக்கமாக. போலீஸ் அல்லாதவர்களுக்கு பிரிட்டனில் முக்கியமாக இரண்டு வழி. 1956இல் தொடங்கிய ஐஏஎம் என்ற மேம்பட்ட ஓட்டுநர் சங்கத்தின் தேர்வு ஒன்று. விபத்துத் தடுப்புச் சங்கமான ராஸ்பாவின் தேர்வு இன்னொன்று, அதில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் உண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுதேர்வு. மறுதேர்வு இருப்பதால் இரண்டாவதை நான் மேலாக நினைக்கிறேன், பழக்கம் துருப்பிடிக்கும். இரண்டுக்கும் அடிப்படை மேலே சொன்ன அதே வரிசை.

மெதுவேகப் பயிற்சி தனிக் கலை. அமெரிக்கப் போலீஸ் பைக் பயிற்சியில் கூம்புகளுக்கு நடுவே கனமான வண்டியைத் திருப்புவதற்கே பெரிய இடம். கிளட்ச் பாதி பிடிக்கும் இடம், சீரான ஆக்சிலேட்டர், பின் பிரேக் லேசாக இழுத்தபடி, தலை போக வேண்டிய பக்கம். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அந்த இடத்திலேயே படுக்கும்.

ஜூன் 12, பகல் 2.45

வெலோசெட் எல்இ என்ற பழைய பிரிட்டிஷ் பைக் பற்றிக் கேட்டவருக்கு: பக்கவாட்டு வால்வு, தண்ணீரால் குளிரும் என்ஜின், சங்கிலிக்குப் பதில் தண்டு. சத்தமே இல்லாத வண்டி, அதனால் பல பிரிட்டிஷ் போலீஸ் படைகள் ரோந்துக்கு வைத்திருந்தன. மேலதிகாரியைக் கண்டால் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்து சல்யூட் அடிப்பது ஆபத்து என்று, தலையை மட்டும் அசைத்தால் போதும் என்றார்களாம். அதனால்தான் "நாடி பைக்" என்ற பெயர் (ஆங்கிலத்தில் "நாட்" என்றால் தலையசைப்பது) என்று சொல்வார்கள். இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்க வேண்டும் என்ற அக்கறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஜூன் 14, காலை 7.10

இறக்கத்தைப் பற்றி எழுதாமல் விட்டால் என் வரிசை அரைகுறை. 8 சதவீத இறக்கத்தில் பிரேக்கை முழுதாக விட்டு, கிளட்சைப் பிடித்து ஒரு விநாடி உருண்டால் வேகம் 3 கி.மீ. வரை கூடிவிடும். அதாவது "வேகம் முடிந்தது, இனி கியர்" என்று நினைத்த நிமிடமே வேகம் மறுபடி ஏறுகிறது. அதனால் செங்குத்தான இறக்கத்தில் பிரேக் முடியும் தறுவாயில் கியரை இறக்குவதைப் பிற்காலப் பயிற்சி ஏற்றுக்கொள்கிறது. பின்னால் வண்டி ஒட்டிக்கொண்டு வரும்போது குறுகிய இடது சந்துக்குள் திரும்புவதும் அப்படித்தான். இரண்டுக்கும் நிபந்தனை ஒன்றே: முன்கூட்டியே தீர்மானித்துச் செய்வதாக இருக்க வேண்டும், வேறு வழியில்லாமல் நடந்ததாக இருக்கக் கூடாது.

முதல் கேள்வி கேட்டவருக்கு: நன்றாகத் தெரிந்த ஒரே சாலையில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் வழக்கமாகப் பிரேக் தொடும் இடத்துக்கு 8 மீட்டர் முன்னால் ஓர் அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள், மைல்கல், மின்கம்பம் எதுவானாலும் சரி. அங்கே பிரேக், முழுதாக விடுங்கள், கியர், கிளட்ச் வெளியே, பிறகு சாயுங்கள். எந்த வளைவில் உங்களால் அப்படி முடிக்க முடியவில்லை என்று மட்டும் குறித்து வைத்து இங்கே எழுதுங்கள். அந்த வளைவில் எல்லைப் புள்ளியை எங்கிருந்து பார்க்க முடியும் என்று பார்ப்போம்.